மூன்று முறை மூடப்பட்ட புகார்: எங்கள் தெருவுக்கு ஜல்லி வந்தது இப்படித்தான்

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவை மண் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். சாலை போடவில்லை. செயலியில் மூன்று முறை புகார் பதிந்தேன். மூன்று முறையும் 'பணி முடிந்தது' என்று குறுஞ்செய்தி வந்தது. நேரில் உதவிப் பொறியாளரை (ஏ.இ.) பார்க்கப் போனால், "ஏ.இ. சார் சைட்டுக்குப் போயிருக்கார்." கவுன்சிலரிடம் கொடுத்த மனுவும் அப்படியே கிடந்தது. வெறுத்துப்போனது.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன்படி மனு போட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 'ஏன் சாலை போடவில்லை?' என்று கேட்காதீர்கள்; காரணம் கேட்டால் எளிதில் தட்டிக்கழிப்பார்கள். பணி ஆணை, செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம் (எம்-புக்) இரண்டின் நகலை மட்டும் கேட்டேன். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். 27-ஆம் நாள் வந்தது.

விஷயம் அந்த நகலில்தான் இருந்தது. கோயில் தெருவுக்கு 140 மீட்டர் அளந்திருந்தார்கள். தெரு அங்கே வலப்பக்கம் திரும்புகிறது. திருப்பத்துக்கு அந்தப் பக்கம், நாங்கள் இருக்கும் பகுதி, பதிவேட்டில் 'குறுக்குத் தெரு'! நாங்களோ எல்லாப் புகாரிலும் 'கோயில் தெரு' என்றே எழுதியிருந்தோம். பதிவேட்டுப் பெயரைப் போட்டு, எம்-புக் பக்கத்தையும் இணைத்துப் புது மனு கொடுத்தேன். பதினோராம் நாள் காலையில் ஜல்லி லாரி வந்து நின்றது.