ஃபலாஃபெல் ஏன் எண்ணெயில் கரைகிறது, பட் தாய் ஏன் கூழாகிறது? வெளிநாட்டுத் தெருவோர உணவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெய்ரோ, பாங்காக், மெக்சிகோ நகரம், ஒசாகா என எந்த ஊரின் தெருவோர உணவை வீட்டில் செய்தாலும், மசாலா தப்பிக் கெட்டுப்போவது அபூர்வம். பெரும்பாலும் கெடுப்பது தண்ணீர்தான். ஊறினால் போதும் என்பதை வேகவைத்துவிடுகிறோம். நீர்க்க இருக்க வேண்டிய மாவைக் கெட்டியாக்கிவிடுகிறோம். வாணலியில் வறுபட வேண்டியது தன் ஈரத்திலேயே அவிந்துவிடுகிறது. வண்டிக்கடைக்காரர் இதையெல்லாம் கைப்பழக்கத்திலேயே சரிசெய்துகொள்வார். சமையல் குறிப்புகளில் அந்தப் பக்குவம் விட்டுப்போய்விடுகிறது.

கடலையை வேகவைக்காதீர்கள்

பருப்பை அரைத்து உருட்டி எண்ணெயில் பொரிக்கும் ஃபலாஃபெலை எகிப்தில் தாமியா என்பார்கள். தோல் நீக்கிய காய்ந்த ஃபாவா பீன்ஸில் செய்வது அது. லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கம் வெள்ளைக் கொண்டைக்கடலை. இரண்டிலும் பருப்பை ஊறவைத்துப் பச்சையாகவே அரைக்கிறார்கள். நம்மவர்கள் சுண்டல் பழக்கத்தில் குக்கரில் ஏற்றிவிடுவதுதான் முதல் தவறு. டின்னில் வரும் கடலையும் வெந்ததுதான், அதுவும் உதவாது.

காரணம் எளிது. ஊறிய கடலையில் மாவுச்சத்து இன்னும் வேகவில்லை. சூடான எண்ணெயில் விழுந்ததும் அது கடலைக்குள் இருக்கும் நீரை இழுத்து உப்பி, பசையாகி, உருண்டையை உள்ளிருந்து பிடித்துக்கொள்கிறது. வேகவைத்த கடலையில் அந்த வேலை குக்கரிலேயே முடிந்துவிட்டது, போதாததற்குக் கூடுதல் தண்ணீரும் ஏறியிருக்கிறது. எண்ணெயில் போட்டால் அந்த நீர் ஆவியாகிப் பிய்த்துக்கொண்டு வெளியேறும், உருண்டை தூள்தூளாகும். மைதாவும் முட்டையும் சேர்த்தால் உடையாமல் நிற்கும்தான், ஆனால் உள்ளே களியாக இருக்கும். மசால் வடைக்கு யாரும் கடலைப்பருப்பை வேகவைப்பதில்லையே, அதே கணக்குதான் இங்கும்.

250 கிராம் காய்ந்த கடலையை மூன்று நான்கு பங்கு தண்ணீரில் 12 முதல் 18 மணி நேரம் ஊறவிடுங்கள். எடை ஏறத்தாழ இரு மடங்காகும். ஒரு கடலையை இரண்டாக வெட்டிப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாக இருந்தால் இன்னும் ஊற வேண்டும். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரம் கொடுப்பது நல்லது. பிறகு நன்றாக வடித்து, துணியில் அரை மணி நேரம் பரப்பி வையுங்கள். கொத்தமல்லி, பார்ஸ்லி தழைகளையும் கழுவியபின் ஈரம் போக உலர்த்த வேண்டும். பலர் கடலையைச் சரியாக ஊறவைத்துவிட்டு, சொட்டச் சொட்டத் தழையைப் போட்டு அத்தனையையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த சிக்கல் மிக்ஸி. கெட்டியாக இருப்பதால் சுற்றாது, உடனே கை தானாகத் தண்ணீர் சொம்புக்குப் போகும். ஊற்றாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டுவிட்டு ஓட்டி, ஓரங்களை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பெருரவை பதம் போதும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலில் பசையாக ஒட்டக்கூடாது. இந்த அளவுக்கு ஒரு நடுத்தர வெங்காயம், ஐந்து பல் பூண்டு, தனியாத்தூளும் சீரகத்தூளும் தலா 2 தேக்கரண்டி, உப்பு ஒன்றரை தேக்கரண்டி. ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, பொரிக்கும் நேரத்தில் மட்டும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேருங்கள். முன்கூட்டியே போட்டால் அதன் வாயு வீணாகிவிடும்.

எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். போட்டதும் கரண்டியால் கிளறுவதுதான் இங்கே பெரும் பிழை, வெளித்தோல் இறுகுவதற்கு ஒரு நிமிடமாவது விட வேண்டும். மொத்தம் நான்கு நிமிடம்.

கூடவே தஹினி சாஸ். எள் விழுதில் எலுமிச்சைச் சாறும் சிறிது தண்ணீரும் விட்டவுடன் அது இறுகிக் கட்டியாகும். திரிந்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், எண்ணெய் ஊற்றியும் சமாளிக்க வேண்டாம். குளிர்ந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் சட்டென்று இளகி வெளுத்து வழவழப்பாகும். 100 கிராம் விழுதுக்கு ஏறத்தாழ 100 மில்லி வரை தண்ணீர் பிடிக்கும்.

பட் தாய்க்குக் கொதிநீர் வேண்டாம்

சயாம் என்ற பெயர் 1939-இல் தாய்லாந்து ஆனது. அந்தக் காலத்துப் பிரதமர் பிபுன் சொங்க்ராம் அரசுதான் பட் தாய் என்ற இந்த வதக்கிய அரிசி நூடுல்ஸை நாடெங்கும் பரப்பியது. ஆகவே பல நூற்றாண்டுப் பழைமையான பதார்த்தம் இல்லை, ஆனால் செய்முறையில் கறார் உண்டு.

3 முதல் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான அரிசி நூடுல்ஸ் வாங்குங்கள். பாக்கெட்டில் கொதிநீரில் போடச் சொல்லியிருந்தாலும் போடாதீர்கள். சாதாரணத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் போதும். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும், கடித்தால் நடுவில் இன்னும் விறைப்பு இருக்க வேண்டும். மிச்ச வேக்காடு வாணலியில், சாஸைக் குடித்தபடி நடக்கிறது. முன்பே முழுதாக வெந்த நூடுல்ஸுக்குச் சாஸை இழுக்க இடமில்லை. அதனால்தான் வெளியே புளிப்பும் உள்ளே சப்பென்றும் இருக்கிறது, கிளறக் கிளற ஒடிந்து கூழாகிறது.

இருவருக்கு 150 கிராம் காய்ந்த நூடுல்ஸ். சாஸுக்கு 4 மேசைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், 3 மேசைக்கரண்டி மீன் சாஸ், 50 கிராம் பனை வெல்லம், மூன்றையும் இளஞ்சூட்டில் கரைத்துக்கொள்ளுங்கள். ரசத்துக்குக் கரைப்பது போல நீர்க்கக் கரைத்தால் அந்தத் தண்ணீர் வற்றுவதற்குள் நூடுல்ஸ் குழைந்துவிடும். பழம்புளி நிறத்தைக் கறுக்க வைக்கும், புதுப்புளி நல்லது. தாய்லாந்தில் தென்னை, பனை இரண்டின் பதநீரிலும் வெல்லம் காய்ச்சுகிறார்கள். நம் கருப்பட்டி அதைவிடக் கறுப்பு, வாசனையும் தூக்கல், ஆகவே பாதிக் கருப்பட்டி பாதிச் சர்க்கரை என்று கலந்தால் சரியாக வரும். தக்காளி கெட்சப் இதில் சேராது.

இருவருக்கானதை ஒரே தடவையில் வதக்காதீர்கள். வீட்டு அடுப்பின் தீ அவ்வளவு ஈரத்தை ஆவியாக்காது, எல்லாம் அவியத் தொடங்கும். தனித்தனியாகச் செய்யுங்கள். டோஃபு, சின்ன வெங்காயம், இறால் வதங்கியபின் நூடுல்ஸும் சாஸும் போட்டு, விறைப்பு போகாவிட்டால் ஒரு கரண்டித் தண்ணீர் தெளிக்கலாம். பிறகு ஓரமாக ஒதுக்கி முட்டை. முளைகட்டிய பயறைத் தீயை அணைத்தபின் போட்டு இரண்டு புரட்டு புரட்டினால் போதும், முன்னதாகப் போட்டால் நீர் விடும்.

டாக்கோவுக்கு எந்த மாவு

மளிகைக்கடை மக்காச்சோள மாவில், டாக்கோவுக்கு உறையாகும் மெக்சிகோவின் டொர்டியா ரொட்டி வராது. வட்டமாகத் தட்டும்போதே பிளக்கும். அங்கே காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே விட்டு, கழுவி அரைக்கிறார்கள். தோல் கழன்று மாவுக்கு ஒட்டும் தன்மை வருவதும், தானியத்தில் கட்டுண்டிருக்கும் நயாசின் (வைட்டமின் பி3) உடலுக்குக் கிடைப்பதும் அந்தச் சுண்ணாம்பால்தான். அப்படிச் செய்த மாவைக் கடையில் மாசா ஹரினா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டிலேயே செய்வதென்றால் அரைக் கிலோ மக்காச்சோளத்துக்கு 5 கிராம் உணவுத்தரச் சுண்ணாம்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

மாசா மாவில் வரும் தவறு தண்ணீரைக் குறைப்பது. 120 கிராமுக்கு 180 மில்லி அளவு பிடிக்கும். பிசைந்து மூடி இருபது நிமிடம் வைத்தபின் சிறு உருண்டையை அழுத்துங்கள். ஓரம் வெடித்தால் ஈரம் போதவில்லை, உள்ளங்கையில் ஒட்டினால் அதிகம்.

வியட்நாமின் ரொட்டி சாண்ட்விச்சான பான் மீ விஷயத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். முள்ளங்கி, கேரட் குச்சிகளை உப்பும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து, வளைத்தால் ஒடியாத பதம் வந்ததும் பிழிந்துவிட்டு, அதன் பிறகே வினிகரில் போடுங்கள். பிழியாமல் போட்டால் அந்த நீர் ரொட்டியில் இறங்கி நமுத்துவிடும்.

தகோயாகியும் பணியாரமும்

1935-இல் ஒசாகாவில் எண்டோ தொமேகிச்சி பிரபலப்படுத்திய, ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவு உருண்டையான தகோயாகியை நம் பணியாரக்கல்லில் செய்ய முடியும். ஆனால் பணியார மாவின் கெட்டித்தன்மையை அப்படியே இதற்குக் கொண்டுவருவதால்தான் அது இனிப்பில்லாத பணியாரமாக முடிகிறது. 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, 350 முதல் 400 மில்லி டாஷி எனும் ஜப்பானியச் சாறு. ரவா தோசை மாவைப்போல ஓட வேண்டும், அப்போதுதான் உள்ளே இளகியிருக்கும்.

முக்கால் குழி ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குழி நிரம்பி வெளியே வழிய ஊற்ற வேண்டும், அதனால் குழிகளுக்கு நடுவே தட்டையான இடமுள்ள இரும்புக்கல்லே ஏற்றது. அடி வெந்ததும் வழிந்த மாவைக் குச்சியால் வெட்டி உள்ளே தள்ளி, முதலில் கால் வட்டம் மட்டும் திருப்புங்கள். உள்ளிருக்கும் மாவு ஓடிவந்து அடுத்த பக்கத்தை நிரப்பும். ஒரேயடியாகக் கவிழ்த்தால் பாதி உருண்டைதான் கிடைக்கும். பேய்க்கணவாய் எனப்படும் ஆக்டோபஸைப் பச்சையாகப் போடவே கூடாது. முதலில் வேகவைத்து, ஆறியதும் துடைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். பச்சைத் துண்டு மாவுக்குள் சுருங்கி நீர் விடும், அந்த இடம் மட்டும் வேகாமல் நின்றுவிடும்.