போன் வாசிப்புக்கு பிடிஎஃப் வேண்டாம்

டர்பனில் இருந்துகொண்டு ஒரே மாதத்தில் சங்கப் பாடல், சிறுகதை, பயணநூல் என்று கலந்து படிக்க விரும்புகிறவர்கள், தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத் (Project Madurai) தளத்தில் பிடிஎஃப்பை விட்டுவிட்டு, எழுத்தாகவே இருக்கும் யூனிகோடு இணையப் பக்கத்தை எடுங்கள். வைஃபை உள்ள இடத்தில் ஆண்ட்ராய்டு போனின் குரோமில் அதைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் பக்கம் போனில் சேமிப்பாகிவிடும். பிறகு டேட்டா செலவில்லை. சென்னையிலிருந்து தபால் செலவு கொடுத்துப் புத்தகங்களை வரவழைக்கவும் வேண்டாம்.

பிடிஎஃப்பில் வரி அகலம் மாறாது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடம் வலம் தள்ள வேண்டும், சின்னத் திரையில் பத்துப் பக்கத்திலேயே சலித்துவிடும். யூனிகோடில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி தானே மடங்கிக்கொள்ளும். புரியாத சொல்லை அழுத்திப் பிடித்து அகராதியில் தேடலாம். ஆங்கிலமே அன்றாட மொழியாகிவிட்ட நம் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய உதவி. பழைய பிடிஎஃப்களில் சொல்லை நகலெடுத்தால் பெரும்பாலும் எழுத்து சிதைந்து வரும்.

பதிப்புரிமை உள்ள புதிய நாவல்கள் அங்கே பெரும்பாலும் கிடைக்காது. செய்யுளுக்கு எழுத்தை அளவோடு பெரிதாக்குங்கள், இல்லையென்றால் அடி உடைந்து சீர் குழம்பும். ஸ்கேன் செய்த நூல்கள் வெறும் படங்கள், அவற்றுக்கு டேப்லெட்தான் சரி.