சின்ன பைக்கில் ஹைவே காற்று: டர்பன் பக்கம் ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

125, 150 சிசி பைக்கில் தென்னாப்பிரிக்காவின் என்2, என்3 தேசிய நெடுஞ்சாலைகளில் போகிறவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எங்கிருந்து கிளம்பினாலும் எல்லோரும் மழை வருமா என்று பார்ப்பார்கள், காற்றைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும் எவ்வளவு வேகம் என்பதோடு விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான், ஏனென்றால் சின்ன பைக்குக்கு வேகத்தைவிடத் திசை முக்கியம்.

டர்பனில் அதிகம் வீசுவது வடகிழக்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும், இரண்டும் கடற்கரையை ஒட்டியே வீசும். என்2 சாலையும் கரையை ஒட்டியே ஓடுவதால் அதில் காற்று பெரும்பாலும் முகத்தில் அடிக்கும், இல்லையென்றால் முதுகைத் தள்ளும். ஆனால் என்3 உள்நாட்டைப் பார்த்து ஏறுகிறது, அதே காற்று அங்கே பக்கவாட்டில் அறையும். குளிர்காலத்திலும் வசந்தம் தொடங்கும்போதும் மலைப்பக்கமிருந்து சூடாக, வறண்டு இறங்கும் பெர்க் காற்றுக்கு இது அப்படியே தலைகீழ்: என்3-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிறவருக்கு எதிர்க்காற்று, என்2-வில் போகிறவருக்குப் பக்கக்காற்று. அந்தச் சூடு திடீரென்று அடங்கித் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று பாயவும் செய்யும். அதனால் காலையில் போன சாலைதானே என்று மாலையில் அதே நினைப்பில் ஏறாதீர்கள்.

அடுத்த தவறு, நான் அதிகம் பார்ப்பதும் அதிகம் பயப்படுவதும் இதுதான்: காற்று தள்ளியதும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பது. முழங்கை விறைத்து, தோள் தூக்கி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஓட்டுகிறார்கள். அப்போது காற்று உங்கள் நெஞ்சில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் கை வழியாக நேராக முன்சக்கரத்துக்குப் போகிறது, பாதி ஆட்டம் நீங்கள் கொடுப்பதாகிவிடும். ஓடுகிற பைக் தானாகவே நேராக நிற்கப் பார்க்கும், அதை விட்டுவிட வேண்டும். முட்டியால் டேங்கைப் பிடியுங்கள், முழங்கையை மடக்கி உடம்பைக் கொஞ்சம் முன்னால் தாழ்த்துங்கள், கை விரல்கள் தளர்ந்திருக்கட்டும். காற்று இடப்பக்கமிருந்து தள்ளினால் இடது கைப்பிடியை லேசாக முன்னால் அழுத்துங்கள், பைக் இடப்பக்கம் சாய்ந்து அந்தச் சாய்விலேயே நேராகப் போகும். காற்று விட்டதும் அழுத்தத்தையும் விட்டுவிடுங்கள். இதைக் காற்றில்லாத ஒரு நாளில் காலியான சாலையில் பழகிப் பார்ப்பது நல்லது, புயல் அடிக்கும்போது முதன்முதலாகச் செய்து பார்க்கக் கூடாது.

ஒரே சீராக வீசுகிற காற்று, எவ்வளவு பலமாக இருந்தாலும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். ஆளைத் தள்ளுவது அது மாறுகிற இடம். மலையை வெட்டிப் போட்ட சாலை முடிகிற முனை, உம்கோமாஸ் மாதிரி ஆற்றுப் பாலங்கள், ஒலித்தடுப்புச் சுவர் நிற்கிற இடம். இவற்றை எட்டும் முன்பே வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, காற்று தள்ளப்போகும் பக்கம் லேனில் இடம் விட்டு ஓட்டுங்கள்.

லாரி தனிக்கதை. டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் சரக்கில் பெரும்பகுதி என்3 வழியாகத்தான் போகிறது. கனரக லாரிக்கு 80 கிலோமீட்டர் வரம்பு, நீங்கள் 95-இல் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 22 மீட்டர் வண்டியை முன்னும் பின்னும் இடைவெளி விட்டு முந்தக் கால் நிமிடம் ஆகும். காற்று இடப்பக்கமிருந்து வந்தால் அந்த நேரம் முழுக்க லாரி அதை மறைத்து நிற்கும், அதன் முகப்பைத் தாண்டிய நொடியில் மொத்தக் காற்றும் உங்களை வலப்பக்கம், நடுத்தடுப்பை நோக்கித் தள்ளும். அந்த இடத்துக்கு முன்பே இடது கையைத் தயாராக வைத்திருங்கள். வலப்பக்கக் காற்று என்றால் லாரியின் மேலேயே தள்ளும், அதனால் லேனின் வலது ஓரமாகப் போங்கள். முந்துவதற்குப் பைக்கில் தெம்பில்லை என்றால் முந்தாதீர்கள். அதற்காக லாரியின் வாலிலும் ஒட்டாதீர்கள், அங்கே காற்று சுழன்று பைக்கை ஆட்டும், முன்னால் என்ன நடக்கிறது என்றும் தெரியாது.

எதிர்க்காற்றில் டாப் கியரிலேயே ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிவைப்பது இன்னொன்று. நீங்கள் 90-இல் போகும்போது எதிரே 30 கிலோமீட்டர் காற்று இருந்தால் பைக் சந்திப்பது 120 கிலோமீட்டர் காற்று. எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடும் என்பதால் இது ஏறத்தாழ முக்கால் மடங்கு அதிகம். சின்ன எஞ்சினிடம் அந்தச் சக்தி கிடையாது. ஒரு கியர் இறக்கி, 80-தான் வரும் என்றால் 80-இலேயே இடது லேனில் போங்கள். என்3-இல் வான் ரீனன் கணவாய் வரை போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும், 1000 மீட்டர் ஏறினால் எஞ்சின் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு போய்விடும், அந்தக் கணவாயோ 1600 மீட்டருக்கு மேல். பின்காற்றில் நேர் எதிர், சத்தமே இருக்காது, வேகம் தெரியாது, மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

சாமான் விஷயமும் உண்டு. உயரமான டாப் பாக்ஸ், படபடக்கிற ஜாக்கெட், ஜிப் போடாத பை, நீட்டிய மூக்கு வைத்த ஹெல்மெட், இவை எல்லாம் காற்றுக்குப் பாய்மரம். டயரில் ஏர் குறைந்திருந்தால் அலைச்சல் இன்னும் கூடும்.

சிலர் காற்றுக்குப் பயந்து மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஓரமாக ஓட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உடைந்த கண்ணாடி, லாரி டயர்த் துண்டு எல்லாம் கிடப்பது அங்கேதான், பழுதாகி நிற்கிற வண்டியும் அங்கேதான் இருக்கும், காற்று ஒரு தள்ளு தள்ளினால் சாலையைவிட்டே இறங்கிவிடுவீர்கள். லேனுக்குள் பைக்கை வைத்திருக்க முடியவில்லை என்றால் அடுத்த வெளிவழியில் இறங்கிவிடுங்கள். என்2-வுக்குப் பக்கத்திலேயே ஆர்102 என்ற சாலை போகிறது, நேரம் கூடுதலாகும், ஆனால் 60, 70-இல் போகலாம். அறுவடைக் காலத்தில் அங்கேயும் ஒன்று கவனியுங்கள்: வெருலம், டோங்காட் பக்கம் இருபுறமும் ஆள் உயரக் கரும்பு காற்றை மறைத்து நிற்கும், வெட்டி முடித்த வயல் வந்ததும் அந்த மறைப்பு சட்டென்று போய்விடும்.