காதல் கதை எழுத உட்காருகிறவர்களுக்கு

என் முதல் சிறுகதையில் 'காதல்' என்ற சொல் பதினான்கு இடத்தில் வந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு அத்தை அதை முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, அவன் அவளுக்கு என்ன செஞ்சான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில், ஒருவர் இன்னொருவருக்குத் தினமும் செய்த ஒரு வேலையைத் தேடிப் பிடியுங்கள். பரிசு, கடிதம், கண்ணீர் எதுவும் வேண்டாம். என் அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். இரவில் சாப்பிட்டதும் அப்பா வாசலில் குந்தி, தீட்டுக்கல்லை நனைத்து, இருவரும் பால் வெட்டும் இரண்டு உளிகளையும் தீட்டுவார். எப்போதும் அம்மாவுடையதுதான் முதலில். தீட்டி முடித்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடியும் கல்லுக்குப் போகும். ஒருமுறை இருவருக்கும் பெரிய சண்டை, பதினோரு நாள் பேச்சில்லை. அப்போதும் அம்மாவின் உளி தீட்டிய நிலையில்தான் இருந்தது.

அப்புறம், அந்த வேலை ஏன் முக்கியம் என்பது வாசகருக்குப் புரிய வேண்டும். உளி மழுங்கினால் பட்டை சீராகச் சீவப்படாமல் பிய்யும். அழுத்தி வெட்டினால் மரத்தில் காயம் விழும், தோட்டக் கணக்கரான கிராணியிடம் ஏச்சு வாங்க வேண்டும். விடிவதற்குள் வெட்டத் தொடங்கினால்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அப்பாவின் நகச் சோதனை வாசகர் மனதில் தங்கும். அவர் அம்மாவை நேசித்தார் என்று நீங்கள் தனியாக எழுத வேண்டியதில்லை.

இடமும் பொழுதும் கதையில் வேலை செய்யட்டும். குறுந்தொகைப் பாட்டு நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும், அதில் காதலர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனால் மலை இருக்கும், மழை இருக்கும், பறவை இருக்கும். நமக்கு விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எரியும் விளக்கின் வெளிச்சம், தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் ஆடும் பால் வாளி, மழை பெய்து வேலை நின்ற காலை எல்லாம் இருக்கின்றன. மழைநாள் எனக்கு மிகவும் பிடித்த பொழுது. கூலி போன கவலையோடு இருவர் ஒரே கூரைக்குள் சும்மா இருக்க வேண்டிய நேரம் அது. மனிதர்கள் ஒருவரையொருவர் கவனிக்கத் தொடங்குவது அப்போதுதான்.

பிரிவை எழுதினால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். 'விதி பிரித்தது' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பலர் பினாங்கில் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். குடியுரிமை பெற்ற நீல அட்டைக்காரர் இங்கேயே நின்றார். ஒரு அட்டையின் நிறம் இரண்டு பேரை என்ன செய்யும் என்று யோசியுங்கள். ஒரு கதைக்கு அதுவே போதும்.

உரையாடலில் யாரும் மனதைத் திறந்து கொட்ட வேண்டாம். நம் வீடுகளில் அப்படிப் பேசுவதும் இல்லை. அப்பாவுக்கு உங்கள்மேல் பிரியமா என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் எனக்கென்ன தெரியும். மழுங்கின உளியோட நான் ஒரு நாளும் பால் வெட்டப் போனதில்ல" என்றார். இதைவிட நல்ல வசனம் எனக்கு இன்னும் அமையவில்லை.

எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பும் முன், யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். உளிக் கதையை அம்மாவுக்கு வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், சண்டை வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பதினோரு நாள் இல்ல. ஒன்பது."