பைக்கோட பின் ஷாக் (ஷாக் அப்சார்பர்) மாத்தப் போறீங்களா? காசு கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன்லேர்ந்து என்3 ஹைவே பிடிச்சு வான் ரீனன்ஸ் பாஸ் மலைப்பாதை ஏறி ஹாரிஸ்மித் பக்கம் டூர் போறவங்க கிட்ட கேட்டா ஒரே புலம்பல்தான். பின்னாடி வீட்டம்மா, ரெண்டு சைட் பாக்ஸ், ஒரு டாப் பாக்ஸ், எல்லாத்தையும் ஏத்திட்டு ஒரு குழில இறங்கினா பின்பக்கம் டம்முனு அடி வாங்குது, வளைவுல வண்டி வெளிய வெளிய ஓடுது. உடனே கம்பெனி ஷாக் வேஸ்ட், ஓலின்ஸ் போடு, வில்பர்ஸ் போடுன்னு வெளி பிராண்ட் ஷாக் பேரா ஆளாளுக்கு சொல்வாங்க. போடலாம், நல்ல சாமான்தான். ஆனா உங்க வெயிட்டுக்கு ஏத்த ஸ்பிரிங் இல்லன்னா அந்த காசெல்லாம் வெறும் அழகுக்குத்தான்.

பெரிய தப்பு இதுதான்: ப்ரீலோட (ஸ்பிரிங்க முன்கூட்டியே அமுக்கி வைக்கிற அளவு, திருகி மாத்தறது) ஏத்தினா ஸ்பிரிங் கெட்டியாயிடும்னு நினைக்கிறது. ஆகாதுங்க. ப்ரீலோட் வண்டியோட உயரத்த சரி பண்ணும், அவ்வளவுதான், ஸ்பிரிங்கோட பலம் அப்படியேதான் இருக்கும். நீங்க பாட்டுக்கு திருகிட்டே போனா, தனியா ஓட்டும்போது சக்கரம் கீழ இறங்கி ரோட்ட பிடிக்க இடமே இல்லாம மேட்டுல துள்ளும். ஆர்டர் கொடுக்கும்போதும் வெயிட்ட குறைச்சு சொல்லாதீங்க (நம்மாளுங்களுக்கு இதுல வெட்கம் ஜாஸ்தி), ஜாக்கெட் ஹெல்மெட் பூட்ஸ் போட்டு தராசுல ஏறுங்க, பின்னாடி உக்கார்றவங்க, பெட்டி சாமான் எல்லாத்தையும் சேத்து சொல்லுங்க.

அளக்கறது ஈஸி. சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின்சக்கரத்த தொங்க விட்டு, ஆக்ஸில்லேர்ந்து நேர் மேல பாடில ஒரு புள்ளி வரைக்கும் டேப் வச்சு பாருங்க, அப்புறம் ஸ்டாண்ட எடுத்துட்டு ஃபுல் லோடோட ஏறி உக்காந்து திரும்ப அளக்கணும், அதுக்கு வண்டிய ஒருத்தர் பிடிக்கணும் இன்னொருத்தர் டேப் பிடிக்கணும். வித்தியாசம் மொத்த டிராவல்ல (சக்கரம் மேல கீழ போற தூரம்) மூணுல ஒரு பங்கு பக்கம் வந்தா போதும். பிஎம்டபிள்யூ ஆர்1250ஆர்டி-க்கு பின்னாடி 136 மிமீ, அப்போ 40லேர்ந்து 45 மிமீ. ப்ரீலோட் முழுசா ஏத்தியும் அதுக்கு மேல அமுங்குதுன்னா ஸ்பிரிங்தான் பத்தல.

எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் உள்ள வண்டில சாதா ஷாக்க மாட்டினா டாஷ்ல எரர் லைட் வந்து நிக்கும், அதே கனெக்டரோட வர்ற மாடலா பாத்து வாங்குங்க. நீளம் கூடின ஷாக்கும் வேணாம், சைட் ஸ்டாண்ட்ல வண்டி ஜாஸ்தி சாயும், சென்டர் ஸ்டாண்ட்ல சக்கரம் தரையிலேர்ந்து எழும்பாது.

மாட்டின கையோட ரீபவுண்ட (அமுங்கின ஷாக் திரும்பி விரியற வேகத்த கட்டுப்படுத்தற செட்டிங்) இறுக்கி விடுற பழக்கமும் இருக்கு. முதல்ல வண்டி கும்முனு நிக்கிற மாதிரி தெரியும், ஆனா ஆலிவியர்ஸ்ஹூக் பாஸ் மாதிரி மலை ரோட்டுல பள்ளம் வரிசையா வந்தா ஷாக் திரும்பி மேல வர நேரமில்லாம ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா கீழயே தங்கிடும். அதனால ஷாக்கோட பேப்பர்ல போட்டிருக்க செட்டிங்லேர்ந்து ஆரம்பிச்சு, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும், ரெண்டு க்ளிக் மாத்தி, அதே ரோட்டுல ஓட்டிப் பாத்து எழுதி வச்சுக்கோங்க.

அப்புறம், ஷாக் மாத்திட்டோம்னு இன்னும் ஒரு மூட்டை ஏத்தாதீங்க, வண்டி தாங்குற மொத்த எடை பழசுதான். கழட்டின ஷாக்க பத்திரமா வைங்க, வண்டிய விக்கிறப்போ அத திரும்ப மாட்டிட்டு புதுச தனியா வித்துக்கலாம்.