லெதர் பந்துக்குப் பயப்படும் பிள்ளை: பெரியவர்கள் செய்யும் தவறுகள்

தெருவில் டென்னிஸ் பந்தை நாலாபக்கமும் விளாசும் பையன், கிரிக்கெட் அகாடமியில் சேர்ந்து லெதர் பந்தைச் சந்தித்ததும் வேறு ஆளாகிவிடுவான். பந்து கிளம்பும்போதே பின்னங்கால் பந்தின் பாதையை விட்டு லெக் பக்கம் நகரும், தலை விலகும், மட்டையில் பந்து படும் நேரத்தில் கண் மூடியிருக்கும். பயிற்சி வலையான நெட்டுக்குப் பின்னால் நிற்கும் அப்பாவுக்கு அது பெரிய மானப் பிரச்சினை. "கால் ஓடுது பாருங்க சார்" என்று பயிற்சியாளரிடம் சொல்வார். அவரும் தலையாட்டிவிட்டு, "டேய், நகராத!" என்று ஒரு சத்தம் போடுவார். பிள்ளையின் கால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓடும்.

பயம் இயல்பாக வருவது. அது தங்கிவிடுவதில்தான் பெரும்பாலும் நம் கைவரிசை இருக்கிறது.

முதலில் அந்தப் பொய். "பந்து பட்டா ஒண்ணும் வலிக்காதுடா, தைரியமா நில்லு." வலிக்கும். ஆண்கள் கிரிக்கெட்டில் பயன்படுத்தும் பந்தின் எடை விதிப்படி 155.9 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட வராது. எடையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். போதாக்குறைக்கு, டென்னிஸ் பந்து பட்டால் அமுங்கும்; இது அமுங்காது, அடி அப்படியே உடம்பில் இறங்கும். முதல் வாரமே தொடையில் ஒன்று பட்டு நீலம் பாரித்துவிட்டால், நீங்கள் சொன்னது பொய் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் "முன்காலைப் போடு, ஒண்ணும் ஆகாது" என்று நீங்கள் சொல்லும் சரியான விஷயத்தையும் அது நம்பாது.

இதற்குப் பதில் உண்மையைச் சொல்லலாம். பந்து எப்பவாவது படும், பட்டால் வலிக்கும், காலில் கட்டும் பேடில் பட்டால் சத்தம்தான் வரும், தொடையில் பட்டால் இரண்டு நாள் வலி இருக்கும், தலையிலும் கழுத்திலும் மட்டும் படக்கூடாது, அதற்கு எப்படி ஒதுங்குவது என்று கற்றுக்கொள்ளலாம். இப்படிச் சொன்னால் பிள்ளை மிரண்டுவிடும் என்று நினைக்கிறோம். எங்கே, எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளையைவிட நிதானமாகத்தான் நிற்கும். லெதர் பந்தைக் கண்டு கொஞ்சம் பயப்படுவது அறிவுள்ள காரியம். அந்தப் பயம் பந்தின் அளவுக்கு இருந்தால் போதும், பூதத்தின் அளவுக்கு வளரக்கூடாது, அவ்வளவுதான் நம் வேலை.

அடுத்தது பந்தைத் தேர்ந்தெடுக்கும் விதம். டென்னிஸ் பந்திலிருந்து ஒரே தாவலில் முழு எடைப் பந்துக்குப் போவது பல இடங்களில் சாதாரணமாக நடக்கிறது. பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம் எடையுள்ள சிறிய பந்து என்று கிரிக்கெட் விதிகளே தனியாகச் சொல்கின்றன. கடையில் 4¾ அவுன்ஸ் பந்து என்று கேட்டால் தருவார்கள். ஆனால் பெரிய பையன்களுக்கும் சின்னவர்களுக்கும் சேர்த்து ஒரே பெட்டியாக வாங்கிப் போடுவதுதான் பல பயிற்சி மையங்களில் வழக்கம். இதைவிட மோசம், லெதர் பந்து விலை அதிகம் என்று வீட்டுப் பயிற்சிக்கு கார்க் பந்து வாங்குவது. சீக்கிரம் தேயாது என்பது உண்மைதான். கல் மாதிரி இருப்பதும், சிமெண்ட் தரையில் தாறுமாறாக எகிறுவதும் அதே பந்துதான். பயத்தோடு இருக்கும் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம்.

டென்னிஸ் பந்து, அப்புறம் ஹெவி டென்னிஸ் பந்து, அப்புறம் சிறிய லெதர் பந்து, கடைசியில் முழுப் பந்து என்று படிப்படியாக ஏறலாம். எத்தனை வாரத்தில் ஏறுவது என்று கணக்கு வைக்காதீர்கள். மட்டையில் படும்வரை கண் திறந்திருக்கிறதா, பின்னங்கால் நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த பந்து. திரும்பவும் கால் ஓட ஆரம்பித்தால் ஒரு படி இறங்குங்கள். இதில் அவசரப்படும் பெற்றோருக்கு ஒரு தகவல்: சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்து 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வடிவங்களிலும் ஆடிய டி. நடராஜன், இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். அவர் பந்துவீச்சாளர், நெட்டில் நடுங்கும் பேட்ஸ்மேனோடு ஒப்பிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஏழு வயதில் லெதர் பந்து பிடிக்காவிட்டால் எதிர்காலமே போச்சு என்று பேசுகிறவர்களுக்கு இது போதும்.

பெரியவர்கள் கவனிக்காத தவறு ஒன்று த்ரோ டவுனில் இருக்கிறது. பாதி பிட்சில் நின்றுகொண்டு கையால் எறிகிறோம். மெதுவாகத்தான் எறிகிறோம் என்று நினைப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கத்து பேட்டிங் கோடுகளுக்கும் இடையில் 17.68 மீட்டர். பத்து, பதினோரு வயதுப் பையன் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் பந்து வந்து சேர ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் அப்பா 10 மீட்டர் தள்ளி நின்று எறிந்தால் 0.6 விநாடிதான். முழு பிட்சில் மணிக்கு சுமார் 106 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் வீசுவதும் இதுவும் ஒன்று. அதாவது பத்து வயதுப் பிள்ளைக்கு நாம் பெரியவர்களுக்கான வேகப்பந்து வீசிவிட்டு, "இதுக்கே பயமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். கிட்டே நின்றால் கையைக் கீழே வைத்து மெதுவாக எறியுங்கள். வேகமாக எறிய ஆசையாக இருந்தால் தள்ளிப் போங்கள்.

எகிறும் உயரத்தையும் பார்க்க வேண்டும். சிமெண்ட் தளத்தின் மேல் மேட் விரித்த நெட்டில் பந்து நன்றாக எழும்பும். பெரியவருக்கு இடுப்பளவில் வரும் பந்து, நாலடி உயரப் பிள்ளைக்கு நெஞ்சுக்கு வரும். ஆரம்பத்தில் பந்தைக் காலடியில் குத்தும்படி எறிந்தால் போதும்.

கால் ஓடுவதை நிறுத்த, பின்னங்காலுக்குப் பின்னால் செங்கல் வைப்பது, ஸ்டம்ப் நடுவது என்று சில வைத்தியங்கள் உண்டு. காலை அப்படி நிறுத்திவிடலாம். ஆனால் ஓடுவது காலின் விருப்பத்தால் இல்லை. தலை முதலில் விலகுகிறது, கால் பின்னாலேயே போகிறது. செங்கல் வைத்தால் கால் நிற்கும், உடம்பு சாயும், இப்போது தப்பிக்கவும் வழியில்லை என்று பிள்ளைக்குத் தோன்றும். அப்படி மாட்டிக்கொண்டு ஒரு அடி வாங்கினால், அதை மறக்க ஒரு சீசன் ஆகும்.

கண்ணிலிருந்து தொடங்குவது நல்லது. மட்டையே வேண்டாம். ஹெல்மெட், பேட் எல்லாம் போட்டுக்கொண்டு டென்னிஸ் பந்தைக் கையால் பிடிக்கச் சொல்லலாம். அப்புறம் மட்டையோடு நின்று, ஆடாமல், பந்து வரும்போதே "ஆடு", "விடு" என்று சத்தமாகச் சொல்ல வைக்கலாம். பந்தை விடுவதை யாரும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை. எல்லாப் பந்தையும் ஆடியே ஆக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்குத்தான் பயம் அதிகம். குனிவது, இடுப்புக்கு மேல் உடம்பை வளைத்து ஒதுங்குவது, இரண்டையும் மென்மையான பந்தில் விளையாட்டாகப் பழக்கலாம். கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல் குனிய வேண்டும். முகத்தைத் திருப்பிப் பின்தலையைக் காட்டுவதுதான் ஆபத்து. வேண்டுமென்றே பேடில் பந்தைப் படவிட்டு, "இவ்வளவுதானா?" என்று பிள்ளையே சிரிக்கும் கட்டம் ஒன்று வரும். அங்கிருந்து வேலை சுலபம்.

எவ்வளவு தூரத்திலிருந்து எறிவது என்பதையும் பிள்ளையே முடிவு செய்யட்டும். "இன்னும் ரெண்டு அடி பின்னாடி போங்கப்பா" என்றால் மறுபேச்சில்லாமல் போங்கள். ஆறு பந்து என்று சொன்னால் ஆறு. "கடைசியா ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று பதினைந்து எறிவது நம் ஊர்ப் பழக்கம். எப்போது முடியும் என்று தெரியாத பயிற்சியில் எந்தப் பிள்ளைக்கும் தைரியம் வராது.

சச்சின் கதையை எடுக்காத அப்பா இல்லை. 1989 டிசம்பரில் சியால்கோட் டெஸ்டில் வக்கார் யூனிஸ் வீசிய பந்து மூக்கில் பட்டு ரத்தம் கொட்ட, பதினாறு வயதுப் பையன் களத்தை விட்டுப் போகாமல் 57 ரன் எடுத்தான். கேட்கும்போது எல்லாருக்கும் சிலிர்க்கும். ஆனால் அந்தப் பதினாறு வயதுக்குப் பின்னால் பல வருடத் தினசரிப் பயிற்சியும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களும் இருந்தன. ஒன்பது வயதில், மூன்றாவது மாதப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கு அது உற்சாகமாகக் கேட்காது, குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். தவிர, அது அந்தக் காலம். இன்று சர்வதேச ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழு சோதிக்கிறது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டவருக்குப் பதில் மாற்று வீரரை இறக்க 2019 ஆகஸ்டிலிருந்து அனுமதி இருக்கிறது.

அதனால்தான் "விழுந்த சூட்டோட எழுப்பி நிறுத்தணும், இல்லேன்னா பயம் ஒட்டிக்கும்" என்ற அறிவுரையில் எனக்கு எரிச்சல். தொடையிலோ கையிலோ பட்டால் சரி: ஐஸ் வைத்து, தண்ணீர் கொடுத்து, பிள்ளை விரும்பினால் அன்றே டென்னிஸ் பந்தில் நாலு சுலபமான பந்து ஆடவிட்டு நல்லபடியாக முடிக்கலாம். தலையில் பட்டால் அந்தப் பேச்சே கிடையாது. ஹெல்மெட் போட்டிருந்தாலும், பிள்ளை "ஒண்ணுமில்ல" என்றாலும், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தலைவலி, வாந்தி, தலைச்சுற்றல், குழப்பமான பேச்சு, வெளிச்சம் கூசுவது, அளவுக்கு மீறிய தூக்கம், இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டுக்கு வந்தபிறகும் இவை தெரியலாம், ஓரிரு நாள் ஒரு கண் இருக்கட்டும்.

சாமான் வாங்குவதில் நம் வீட்டுத் தத்துவம் ஒன்றுதான்: வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக வாங்கு. பள்ளிச் சீருடைக்கு அது சரி. பெரிய ஹெல்மெட் குனிந்தால் கண்ணை மறைக்கும். பெரிய பேட் ஓடும்போது தடுக்கும். கனமான மட்டை தாமதமாக இறங்கும், பந்து விரலில் படும், பிள்ளை பந்தின் மேல் பழியைப் போட்டுப் பயப்படும். ஹெல்மெட்டில் பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தில் பெரிய பந்துக்கும் சிறுவர் பந்துக்கும் தனித்தனியாகச் சோதனை உண்டு, எந்தப் பந்துக்குச் சோதித்தது என்று லேபிளில் இருக்கும். சிறுவர் பந்து சிறியது என்பதால், பெரியவர்கள் ஹெல்மெட்டின் கம்பி இடைவெளியில் அது புகுந்துவிட வாய்ப்புண்டு. அடிவயிற்றுக்குக் கீழே அடிபடாமல் காக்கும் எல் கார்டு உறுத்துகிறது என்று பையிலேயே வைத்திருக்கும் பையன்கள் நிறைய. வெட்கத்தில் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

"பொம்பளப் புள்ள மாதிரி பயப்படுற" என்ற வசனத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். 2025 நவம்பரில் ஒருநாள் உலகக் கோப்பையை வென்றது இந்தியப் பெண்கள் அணி.

ஃபீல்டிங்கிலும் இதே கதைதான், அங்கே பேடும் இல்லை. மேடு பள்ளமான மைதானத்தில் பந்து எகிறி முகத்தில் படுமோ என்று தலையைத் திருப்பும் பிள்ளையை, பேட்ஸ்மேனுக்கு மிகக் கிட்டே உள்ள ஷார்ட் லெக்கில் நிறுத்தித் தைரியம் வரவழைக்கப் பார்ப்பது வெறும் முரட்டுத்தனம். இங்கிலாந்தில் பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்கள் யாரும், பேட்ஸ்மேன் பந்தை ஆடும்வரை, அவருடைய நடு ஸ்டம்பிலிருந்து 11 கஜத்துக்குள் நிற்கக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். லெக் பக்கத்துக்கு எதிரான ஆஃப் பக்கம் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

சில நேரம் அது பயமே இல்லை. பந்து சரியாகத் தெரியவில்லை. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்ற நினைப்பு, அதனால் சொல்லாது. பந்து பாதி தூரம் வந்தபிறகுதான் புலப்படுகிறது என்றால் யாருக்குத்தான் கால் நிற்கும்? நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒதுங்க ஆரம்பித்தால், அதுவும் சாயங்கால வெளிச்சத்தில் அதிகமாக ஒதுங்கினால், திட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு காரணங்களும் உண்டு. எதிரில் வீசுவது இரண்டு வயது மூத்த பையனாக இருக்கலாம். அவன் வேண்டுமென்றே உடம்பைப் பார்த்து வீசலாம். பயிற்சியாளரின் குரலே பயமாக இருக்கலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளும் இடம் வீடு திரும்பும் வழி. அந்த நேரத்தைத்தான் நாம் விசாரணைக் கமிஷனாக மாற்றுகிறோம். "மூணாவது பந்துல ஏன் நகர்ந்த? அந்தப் பையனைப் பாரு, எப்படி நிக்கிறான்." வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை "ம்" என்று மட்டும் சொல்லும். கேட்காமல் விட்டால், இரண்டு சிக்னல் தாண்டியதும் அதுவே பேச ஆரம்பிக்கும்.

புதிதாக அகாடமியில் சேர்ப்பவர்கள் பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளலாம். இந்த வயதுக் குழுவுக்கு என்ன எடைப் பந்து? நெட்டில் இவர்களுக்கு யார் வீசுகிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து? தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள்? முதல் இரண்டுக்கும் பதில் முன்னே பின்னே இருந்தால் பேசிச் சரிசெய்யலாம். மூன்றாவதற்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.