செருப்பு றப்பரில் விரால் தவளை: பிளை கட்டுவதும் குளத்தில் எறிவதும்

பிளை தூண்டிலுக்கு (முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் 'பிளை' என்ற பொய் இரையை, பாரமான லைனால் எறிந்து பிடிக்கும் முறை) புதிதாக வருகிறவர்கள் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, குளிர் நாட்டு ஆற்று மீனுக்கான சின்னஞ்சிறு பூச்சிகளைத்தான் முதலில் கட்டுகிறார்கள். திலாப்பியாவுக்கு அது சரி. ஆனால் தாமரையும் சல்வினியாவும் மூடிக் கிடக்கும் வன்னிக் குளத்து அலைகரையில் விராலுக்கு எறிந்தால், முதல் எறிதலிலேயே இலையில் கொளுவிக்கொள்ளும். இங்கே வேண்டியது மிதக்கிற, புல்லில் கொளுவாத தவளை. கடையில் விற்கும் றப்பர் தவளை பிளை தடிக்குப் பாரம் கூட. ஆகவே நாங்களே கட்டுவோம்.

தேவையான சாமான்: 2/0 அளவில் அகன்ற வளைவுள்ள தூண்டில் முள், கறுப்பு பொலியெஸ்டர் தையல் நூல், சேவலின் கழுத்து இறகு எட்டு அல்லது பத்து, 0.55 மில்லிமீற்றர் தங்கூசி, சுப்பர் குளூ, பழைய செருப்பு ஒன்று. செருப்பை முதலில் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தாழ்கிற செருப்பு உதவாது. பருத்தி நூல் வேண்டாம், நாலு நாளில் உக்கிவிடும்.

முள்ளைப் பிடிக்க விலையான வைஸ் தேவையில்லை. பூட்டுப் பிளையரை மேசை விளிம்பில் இறுகக் கட்டினால் போதும். நூலைத் தொங்கவிட்டு வேறு வேலை பார்க்க உடுப்புக் கிளிப் ஒன்றைக் கொளுவிவிடுங்கள், அதன் பாரமே நூலை இழுவையில் வைத்திருக்கும். காசு செலவழிப்பதென்றால் நல்ல முள்ளுக்குச் செலவழியுங்கள்.

தண்டு முழுவதும் நூலை நெருக்கமாகச் சுற்றி, வளைவின் பாதிவரை இறக்குங்கள். அடுத்தது புல்காப்பு, அதாவது முள் நுனி புல்லில் கொளுவாமல் காக்கும் தங்கூசி வளையம். பெரும்பாலான தவளைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான், அவசரம் வேண்டாம்.

10 சென்ரிமீற்றர் தங்கூசி வெட்டி, கொதிநீரில் சில விநாடி தோய்த்து இழுங்கள், சுருள் நிமிரும். ஒரு நுனியை லைட்டரால் சுட்டால் சிறு குமிழ் வரும். நூல் நழுவாமல் பிடிப்பது அந்தக் குமிழ்தான். அதைத் தண்டின் மேல் வைத்து, வளைவின் பாதிவரை இறுகக் கட்டிக்கொண்டு போங்கள். தண்டு முடிகிற இடத்தோடு நிறுத்தினால் காப்பு பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, முள் நுனி வெளியே தெரியும். மற்ற நுனி இப்போதைக்குப் பின்னால் தொங்கட்டும்.

வாலுக்கு இடப்பக்கம் மூன்று இறகு, வலப்பக்கம் மூன்று இறகு. இறகின் வளைவு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், அப்போதுதான் நிறுத்தும்போது தவளையின் கால்போல விரியும். நீளம் முள்ளின் தண்டைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம். அதன் முன்னால் இன்னும் இரண்டு இறகைச் சுற்றிக் கழுத்து வையுங்கள்.

செருப்பு றப்பரில் 12 மில்லிமீற்றர் தடிப்பும் 15 மில்லிமீற்றர் நீளமும் உள்ள உருளையை வெட்டுங்கள். முகத்தைச் சரிவாகச் சீவினால் இலைமேல் வழுக்கிப் போகும், குழிவாக வெட்டினால் தண்ணீரில் 'பொளக்' என்று சத்தம் போடும். புல் நிறைந்த குளத்துக்குச் சரிவு முகம்தான் நல்லது. அடிப்பக்கம் பிளேட்டால் கால்வாசி ஆழத்துக்கு மட்டும் கீறி, சுப்பர் குளூ விட்டுத் தண்டில் அழுத்துங்கள். றப்பரின் பெரும்பகுதி தண்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே தொங்கினால் முள் நுனிக்கும் உடலுக்கும் இடைவெளி குறைந்து, மீன் கடித்தாலும் குத்தாது. முள்ளில் தங்கூசி கட்டும் கண்ணுக்குப் பின்னால் 3 மில்லிமீற்றர் வெறுமையாக விடுங்கள்.

பசை காய்ந்ததும் தொங்கும் தங்கூசியை முள்ளுக்குக் கீழாக முன்னுக்குக் கொண்டுவந்து, அந்த வெறும் இடத்தில் கட்டுங்கள். வளையம் முள் நுனியைவிட 4 மில்லிமீற்றர் அளவு கீழே நிற்க வேண்டும். விரலால் அமத்திப் பாருங்கள்: இலகுவாக மடங்கி முள் வெளிப்பட வேண்டும், விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். மடங்க மறுத்தால் தங்கூசி தடிப்புக் கூட. திரும்பாமல் கிடந்தால் மெல்லிசு. கடைசியாக முற்றத்துப் புல்லில் இழுத்துப் பாருங்கள், கொளுவாமல் வந்தால் சரி.

தடி 9 அடி, 8 ஆம் இலக்கம் (தடிக்குப் பொருந்தும் லைனின் பாரத்தைக் குறிக்கும் எண்). வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிடுகிறவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம்: மிதக்கும் லைன் வெப்ப நாட்டுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். குளிர் நாட்டு லைன் எங்கள் வெயிலில் இளகி, தடியின் வளையங்களில் ஒட்டும். அதன் நுனியில் 25 இறாத்தல் தாங்கும் தங்கூசி 6 அடி, அதற்கு முன்னால் விராலின் பல்லுக்காக 40 இறாத்தலில் ஓர் அடி. பிளை தடி இல்லாதவர்கள் 12 அடி மூங்கில் தடியில் இதே தவளையைக் கட்டி, கரையோரம் வைத்து வைத்து எடுக்கலாம்.

குளக்கட்டில் நின்று குளத்துக்கு நேரே எறிந்தால், பின்னால் போகும் தவளை கட்டில் அடிபட்டு முள் நுனி முறியும். கட்டுக்குப் பக்கவாட்டாக எறியுங்கள். சோளகக் காலத்தில் காற்று இடத்தோளில் படும்படி நின்றால், வலக்கையால் எறியும் தவளை முகத்தில் வந்து அடிக்காது. கண்ணாடி கட்டாயம் போடுங்கள்.

விரால் மூச்செடுக்க மேலே வரும் மீன். காலை 6 இலிருந்து 8 மணிவரை அசையாமல் நின்று தண்ணீரைப் பாருங்கள். தாமரை இலைகளுக்கு இடையே ஒரு குமிழ், மெல்லிய 'டொப்' சத்தம். அந்த இடத்தைத் தாண்டி இரண்டு முழம் தள்ளி எறிந்து, இலைமேல் ஏற்றி, விளிம்பில் வழுக்கி விழவிட்டு, மூன்று எண்ணும்வரை அசைக்காமல் வையுங்கள். அநேகமாக அந்த நிறுத்தத்தில்தான் பாயும். ஆடி, ஆவணியில் குளம் வற்றும்போது துருசடி (மதகடி) கிடங்குகளைப் பாருங்கள். மாரியில் குளம் நிரம்பி வான் பாயும்போது நீரை எதிர்த்து ஏறும் மீன் வாய்க்கால்களில் நிற்கும். இரணைமடு போன்ற பெரிய குளத்தைவிட, ஊர்ச் சிறுகுளங்களில் பழகுவது இலகு.

தண்ணீருக்குள் இறங்கவேண்டாம். காணொளிகளில் இடுப்பளவு நீரில் நிற்பார்கள், எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது. மிதிவெடிப் பலகை கண்ட பக்கம் ஓரடியும் வைக்கவேண்டாம். போகுமுன் அந்தக் குளத்து மீனவர் சங்கத்திடம் கதைத்து, வலை கிடக்கும் இடங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மினுங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் அடிக்கும். அதைத் தூக்கினால் அந்தக் குஞ்செல்லாம் மற்ற மீனுக்கு இரை.

பிற்சேர்க்கை: "பாய்கிறது, ஆனால் முள் ஏறவில்லை" என்று பலர் கேட்டிருந்தார்கள். றப்பர் கீழே தொங்குகிறதா, வால் நீளமா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியென்றால் பிழை கையில்: தண்ணீர் வெடித்த உடனே தடியை உயர்த்துகிறீர்கள். தடியைத் தாழ்த்தியபடியே வைத்து, பாரம் தெரிந்த பிறகு இடக்கையால் லைனை நேராகச் சடாரென்று இழுங்கள்.

ரெஜிபோமில் கட்டலாமா என்றும் கேட்டிருந்தார்கள். சுப்பர் குளூ பட்டதும் ரெஜிபோம் உருகிக் குழி விழும். செருப்பு றப்பரையே பாவியுங்கள்.